ஆறு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு எந்த பிக்கப்?

வலங்கைமான் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் 1999 மாடல் டீசல் பிக்கப் நிற்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. புகை கூடிவிட்டது, இழுவை குறைந்துவிட்டது. குறுவையிலும் சம்பாவிலும் சொந்த நெல்லையும் தெருக்காரர்கள் நெல்லையும் 6 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நேரடி கொள்முதல் நிலையத்துக்கு அடிக்கிறார்கள். நடுவில் வைக்கோல், உரம், எப்போதாவது வாழைத்தார். மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் வண்டி கும்பகோணத்தையோ தஞ்சாவூரையோ தொடும். இதைத் தள்ளிவிட்டுப் புது பிஎஸ்-6 (இப்போதைய புகை விதிப்படி வரும்) வண்டி எடுப்பதா, இஞ்சின் வேலை பார்த்து இதையே ஓட்டுவதா? "புது வண்டியெல்லாம் பொம்மை, ஒரு சென்சார் போனா நடுரோட்டுல நிக்கும்" என்கிறார் அப்பா. "பழசைக் கட்டிக்கிட்டு அழாதே" என்கிறார் மச்சான்.

நான் நீடாமங்கலத்துக்காரன். 19 வயதில் தஞ்சாவூரில் ஒரு டீசல் பம்ப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, ஒன்பது வருஷம் பம்பும் நாசிலும் பார்த்தேன். பிறகு கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டினேன். இன்றைக்கும் எங்கள் வாசலில் இரண்டு பிக்கப் நிற்கின்றன. ஒன்று 1996 மாடல், மற்றது 2021. அப்பாவும் மச்சானும் இஞ்சினை வைத்தே மல்லுக்கட்டுகிறார்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் என் கண்ணில் பட்டவை வேறு இரண்டு: ஒன்று அந்த 6 கிலோமீட்டர். இன்னொன்று, நீங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத பிரேக்.

பழைய டீசல் இஞ்சின் ஓடும் விதத்தை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம், அதன் பெருமையே அதுதான். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் டீசலை இழுக்கிறது. ஃபில்டர் வழியாக அது பெரிய பம்புக்குப் போகிறது. எங்கள் பட்டறையில் அதற்கு 'மைக்கோ பம்ப்' என்றுதான் பெயர். 1951-ல் தொடங்கிய பெங்களூர் மைக்கோதான் நாடு முழுக்க டீசல் வண்டிகளுக்குப் பம்ப் கொடுத்துக்கொண்டிருந்தது. பம்புக்குள் சிலிண்டருக்கு ஒரு பிளஞ்சர், அதாவது தள்ளுதண்டு. அது தள்ளும் டீசல் இரும்புக் குழாய் வழியே நாசிலுக்கு வரும். நாசிலுக்குள் ஒரு ஸ்பிரிங் ஊசியை அழுத்திப் பிடித்திருக்கும். அழுத்தம் 200 பார் சுமாருக்கு ஏறியதும் ஊசி தூக்கி, டீசல் பனியாகத் தெளித்து, மூடிக்கொள்ளும். எவ்வளவு டீசல், எந்த நொடியில் என்று தீர்மானிப்பதெல்லாம் பல்சக்கரமும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் எடையும், ஸ்பிரிங்கும். கேபிளை இழுத்து அணைக்கும் அந்தக் கால வண்டிகளில் கரண்டு வேண்டியது செல்ஃப் எடுக்கவும் லைட்டுக்கும் மட்டும்தான். பேட்டரி செத்துக் கிடந்தாலும் நாலு பேர் தள்ளினால் கிளம்பிவிடும்.

கோளாறையும் காதாலும் கையாலும் கண்டுபிடிக்கலாம். நாசிலைக் கழற்றிக் கை டெஸ்டரில் மாட்டி ஒரு அடி அடித்தால் 'கிர்ர்' என்று கத்தித் தெளிக்க வேண்டும். முனையில் சொட்டு நின்றால் அந்த நாசில் முடிந்தது. ஒரு புரட்டாசி இரவு, மன்னார்குடி ரோட்டில் நெல்லோடு வரும்போது என் 96 வண்டி இருமி இருமி நின்றுவிட்டது. மேற்கே மின்னல். தார்ப்பாய் பாதிதான் மூடியிருந்தது. குழாய் முனையில் காற்று இழுத்திருக்கிறது என்று இருமலிலேயே தெரிந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு காற்றை வெளியேற்றும் பிளீடிங் ஸ்க்ரூவைத் தளர்த்தி, டீசலைக் கையால் ஏற்றும் ஹேண்ட் ப்ரைமரை அடித்தேன். நுரை நின்று டீசல் மட்டும் வழியும்வரை விட்டு இறுக்கினேன். பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பியது, மழைக்கு முன்னால் வீடு வந்தேன். அப்பா சொல்வதில் இருக்கும் உண்மை இதுதான். ஈர நெல்லோடு நடுரோட்டில் நின்றவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் அந்தப் பெருமை முழுக்க வண்டிக்குச் சேராது. அன்றைக்கு வண்டி நின்றால், என்னைப் போல் பம்ப் தெரிந்தவன் கடைத்தெருவுக்கு ஒருவன் இருந்தான். லேத் பட்டறையில் புஷ் கடைந்து கொடுத்தார்கள். கமான் பட்டை தொய்ந்தால் கொல்லுப்பட்டறையில் நிமிர்த்தினார்கள். வண்டி எளிமையாக இருந்தது பாதி, அதைத் தெரிந்த ஊர் சுற்றிலும் இருந்தது மீதி. இப்போது நான் வேலை கற்ற தெருவில் மூன்று பம்ப் பட்டறை இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. அங்கே பம்ப் கட்டத் தெரிந்தவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பிளஞ்சர் வாங்கப் போனால் அசல் எது, போலி எது என்று கையில் வைத்து உருட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் பழசை வைத்துக்கொள்வதாக இருந்தால், வண்டியின் ஆயுளோடு உங்கள் மெக்கானிக்கின் வயதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இனி புதுசு. ஒரு விஷயம் உங்கள் அப்பாவுக்கே ஆச்சரியமாக இருக்கும். மஹிந்திராவின் பழைய டிஐ இஞ்சினும் 2523 சிசி, இன்றைய பொலிரோ பிக்கப்பில் இருப்பதும் 2523 சிசிதான். நாலு சிலிண்டர், இரும்பு பிளாக், அதே அடக்கம். மாறியதெல்லாம் இஞ்சினைச் சுற்றித் தொங்குபவை. பம்பும் நாசிலும் போய், எல்லா சிலிண்டருக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயான காமன் ரயில் வந்தது. 200 பார் இருந்த இடத்தில் 1,600 பாரும் அதற்கு மேலும். ஊசியைத் தூக்குவது ஸ்பிரிங் இல்லை, ஈசியு என்ற கம்ப்யூட்டர் பெட்டி அனுப்பும் கரண்டு. ஒரே அடிப்பில் இரண்டு மூன்று தவணையாக டீசல் தெளிக்கிறது. அதனால்தான் சத்தம் குறைவு, இழுவை கூடுதல். 75 குதிரைசக்தி, 200 நியூட்டன் மீட்டர் டார்க் என்பது காகிதக் கணக்கு. வெண்ணாற்றங்கரை ஏற்றத்தில் மூட்டையோடு இரண்டாவது கியரில் திணறாமல் ஏறும்போது கால் அதை உணரும். லோடோடு என் 96 வண்டி லிட்டருக்கு 10, 11 கொடுக்கிறது. 2021 வண்டி அதே லோடுக்கு 13-க்குக் குறைவதில்லை. பவர் ஸ்டீரிங் இருப்பதால் நாளைக்கு ஆறு நடை அடித்தாலும் தோள்பட்டை விட்டுப்போவதில்லை.

இந்த மாற்றங்களைக் கம்பெனிகள் தாமாகக் கொண்டுவரவில்லை. அரசு வைத்த புகை விதிதான் அவர்களைத் தள்ளியது. பிஎஸ்-4 நாடு முழுக்க 2017 ஏப்ரலில் வந்தது. பிஎஸ்-5 என்ற படியைத் தாண்டி, 2020 ஏப்ரலில் நேராக பிஎஸ்-6. டீசலில் இருக்கும் கந்தகத்தை 50 பிபிஎம்மிலிருந்து 10-க்கு இறக்கினார்கள். கந்தகம் போனதால் டீசலுக்கு வழுவழுப்புப் போய்விட்டது, பழைய பம்ப் தேய்ந்துவிடும் என்று ஒரு பேச்சு ஊரில் இருக்கிறது. கந்தகத்தை எடுக்கும்போது வழுவழுப்புக் குறைவது உண்மை. அதற்காக சுத்திகரிப்பு ஆலையிலேயே மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். என் 96 வண்டியின் பம்ப் இந்த டீசலில்தான் ஓடுகிறது. அந்தப் பயம் வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு. எலி.

சிரிக்காமல் கேளுங்கள். அறுவடை முடிந்ததும், இல்லை வயலில் தண்ணீர் ஏறியதும், வரப்பு எலியெல்லாம் வீட்டுக்கும் கொட்டகைக்கும் வரும். வைக்கோலும் நெல்லும் ஏற்றிய வண்டி வாசலில் நின்றால் முதலில் அதற்குள்தான் போகும். பழைய வண்டியில் கடிக்க மொத்தமே பத்துப் பதினைந்து ஒயர். புது வண்டியில் கட்டுக்கட்டாக ஓடுகிறது. என் நண்பர் ஒருவரின் புது வண்டி, 30 மூட்டை ஏற்றி வயலோரம் நின்றது. செல்ஃப் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை. தஞ்சாவூரிலிருந்து ஸ்கேனரோடு ஆள் வந்து சேர நாலு மணி நேரம். இஞ்சின் சுற்றுவதை ஈசியுவுக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரின் ஒயரை எலி கடித்திருந்தது. கண்டுபிடிக்கவும் ஒட்டவும் பத்து நிமிஷம்தான் ஆனது. அந்த நாலு மணி நேரத்துக்குள் மழை வந்து அடிமூட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நனைந்த நெல்லை ஈரப்பதம் கூடுதல் என்று நிலையத்தில் ஒதுக்கிவைத்தார்கள். கோளாறு சின்னது, சரிசெய்யும் ஆள்தான் தூரத்தில் இருந்தார்.

எலிக்கு வேதாரண்யம் புகையிலைக் காம்பைக் கட்டித் தொங்கவிடுவார்கள். வாசனை இருக்கும் நாலைந்து நாள் வேலை செய்யும், பிறகு எலி அதன்மேலேயே உட்காரும். நான் செய்வது, இரவில் பானெட்டைத் திறந்து வைப்பதும், வண்டியை வைக்கோல் போரிலிருந்து தள்ளி நிறுத்துவதும், ஒயர் கட்டின் மேல் இரும்பு வலை உறை மாட்டுவதும். மூன்றும் சேர்ந்தால் பலன் இருக்கிறது.

இப்போது அந்த 6 கிலோமீட்டருக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் நம் பக்கம் பிஎஸ்-6 டீசல் வண்டி வாங்கிய பலர் சிக்கிக்கொண்டது இங்கேதான்.

புது டீசல் வண்டியின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. தேன்கூடு போன்ற பீங்கான். புகையில் வரும் கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். அதற்கு 600 டிகிரி செல்சியஸ் சுமாருக்குச் சூடு வேண்டும். நெடுஞ்சாலையில் 60-க்கு மேல் ஒரே சீராக ஓடும் வண்டியில் புகைக்குழாய் நன்றாகச் சூடேறியிருக்கும், அதனால் இது ஓட்டுநருக்குத் தெரியாமலே நடந்துவிடும். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் ஓடும் வண்டிக்கு டிபிஎஃப் என்று ஒன்று இருப்பதே நினைவுக்கு வராது.

உங்கள் ஓட்டம் எப்படி? வயலிலிருந்து வாய்க்கால் கரை வழியே முதல் கியரில் மெல்ல வரும். ஊருக்குள் 20-ல் ஊர்ந்து, நிலையத்தில் வரிசையில் நிற்கும். இஞ்சினை அணைக்காமல் அங்குலம் அங்குலமாக நகரும். இறக்கிவிட்டுத் திரும்பும்போது காலி வண்டி, பாரமே இல்லை. இந்த ஓட்டத்தில் புகைக்குழாய் சூடேறவே ஏறாது. கரி சேரும். ஈசியு பார்க்கும், தானே எரிக்க முயலும். அடிப்பு முடியும் நேரத்தில் கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டுப் புகையைச் சூடாக்கும். அதற்குக் கால் மணி நேரமாவது இடைவிடாமல் ஓட வேண்டும். நீங்களோ ஏழாவது நிமிஷம் வீட்டு வாசலில் சாவியைத் திருப்புவீர்கள். பாதியில் நின்றுவிடும். மறுநாளும் அதே கதை. கடைசியில் லைட் எரியும், வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகும், சர்வீஸ் சென்டரில் நிறுத்தி மெஷினில் மாட்டி எரிக்கச் சொல்வார்கள்.

அதைவிட மோசமானது சத்தமில்லாமல் நடப்பது. எரிக்க விட்ட அந்த டீசல், முயற்சி பாதியில் நிற்கும்போதெல்லாம் சிலிண்டர் சுவர் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலுக்குள் இறங்கும். தெருக்காரர் ஒருவர் டிப்ஸ்டிக்கைக் காட்டி, "பாருங்க மாமா, நாலு மாசம் ஓட்டியும் ஆயில் குறையவே இல்ல, ஏறித்தான் இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னார். விரலில் தொட்டு முகர்ந்தேன், டீசல் வாடை. தண்ணீராக ஓடும் அந்த ஆயிலில் பேரிங் எத்தனை நாள் தாங்கும்? அன்றே மாற்றச் சொன்னேன். டிபிஎஃப் வண்டியில் ஆயில் மட்டம் ஏறினால் அது ஆபத்துக்கான அறிகுறி. ஆயிலையும் சாம்பல் குறைந்த ரகமாக, கையேட்டில் போட்டிருக்கும் அதே ரகமாக ஊற்ற வேண்டும். டிராக்டருக்கு வாங்கிய டின்னிலிருந்து ஊற்றக் கூடாது. கரியை எரிக்கலாம், ஆயிலின் சாம்பலை எரிக்க முடியாது. அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

தீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரி எரியும் நேரத்தில் வண்டிக்கு அடியில் அடுப்பு மாதிரிச் சூடு. அந்த நேரத்தில் களத்தில் உதிர்ந்து கிடக்கும் காய்ந்த வைக்கோல் மேல் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மாசி பங்குனியில் நம் ரோடெங்கும் உளுந்துச் செடியைப் பரப்பி வைத்திருப்பார்கள், வண்டி ஏறி உடைக்கட்டும் என்று. அந்தச் செடி, பின் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயின்ட் ஷாஃப்டில் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும், புகைக்குழாயை ஒட்டியே. பழைய வண்டியிலும் இது ஆபத்துதான், புதுசில் சூடு பல மடங்கு. உளுந்து ரோட்டில் ஓடி வந்தால் இறங்கிக் குனிந்து பார்த்து அறுத்தெடுங்கள். வைக்கோல் ரோல் ஏற்றப் போனால் வெறும் தரையில் நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் இதை யாரும் மீற நான் விடுவதில்லை.

டிபிஎஃப்பை வெட்டி எடுத்துவிட்டு ஈசியுவை ஏமாற்றும் புரோகிராம் போட்டுத் தருகிறோம் என்று ஆட்கள் கிளம்பியிருக்கிறார்கள். செய்யாதீர்கள். சட்டப்படி குற்றம், எஃப்.சி. காட்டும்போது சிக்கும். அந்தப் புகை போவது உங்கள் தெருவுக்குள்தான். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-ல் உறுதியாக அறிவித்தது. எனக்குப் பம்ப் வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி, மூடிய பட்டறைக்குள் முப்பது வருஷம் அந்தப் புகையில் நின்றவர். கடைசி ரெண்டு வருஷம் அவருக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. பிஎஸ்-4 டீசல் காருக்கு அனுமதித்த கரித்துகள் அளவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் பிஎஸ்-6-ல் அனுமதி. புது வண்டியில் எனக்கு எத்தனை குறை இருந்தாலும் இந்த ஒன்றுக்காக நான் அதை மதிக்கிறேன்.

டீசல் கேனைப் பற்றி ஒரு வரி. பம்ப்செட்டுக்கும் டிராக்டருக்கும் கேனில் வாங்கி வைப்பது நம் வழக்கம். கேனின் அடியில் தண்ணீரும் தூசியும் இருக்கும். பழைய பம்ப் அதைக் குடித்துவிட்டு இருமிக்கொண்டே ஓடும். நாசிலின் இடத்தில் வந்த காமன் ரயில் இஞ்செக்டர் தாங்காது. நாலு பழைய நாசிலை மாற்றும் செலவுக்கு ஒரு புது இஞ்செக்டர்கூட வராது. புது வண்டிக்கு பங்க்கில் நேராகப் பிடித்தால்தான் நிம்மதி.

இனி பிரேக். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதற்கு மறுவாரம் ரோட்டில் முழங்கால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நான் 40 மூட்டை உரத்தோடு வந்தேன். அப்போது உர மூட்டை 50 கிலோ, ஆக 2 டன். வண்டிக்கு அனுமதி அதில் பாதி. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். தண்ணீரைத் தாண்டி ஏறியதும் ஆற்றங்கரை வளைவு. பிரேக்கை மிதித்தேன். நனைந்த டிரம் மூன்று பிடிக்கவில்லை, காய்ந்திருந்த ஒன்று மட்டும் பிடித்தது. வண்டி வலது பக்கம் வெட்டி வாய்க்காலில் சாய்ந்தது. கூட வந்த லோடுமேன் தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்தது. பாரம் ஏற்றியது நான், மிதித்ததும் நான், அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. மழைக்காலத்தில் அந்தத் தோள் வலிக்கிறது என்று இன்றைக்கும் சொல்வான். அதற்குப் பிறகு தண்ணீரைத் தாண்டினால் பிரேக்கை லேசாக மிதித்தபடியே நூறடி ஓட்டி, டிரம்மைக் காயவைத்துவிட்டுத்தான் வேகம் எடுப்பேன்.

புது பிக்கப்பில் முன்னால் டிஸ்க். நனைந்தாலும் இரண்டு சுற்றில் தண்ணீரை உதறிவிடும். பின்னால் பாரத்தை உணர்ந்து பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வ் பல வண்டிகளில் இருக்கிறது. அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பி, பாரம் ஏறி வண்டி அமுங்கினால் கம்பி நகர்ந்து பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் விடும். நம் ஆட்கள் புது வண்டி வாங்கிய மறுவாரமே செய்கிற காரியம், பின்னால் இரண்டு கமான் பட்டை கூடுதலாக வைப்பது. பட்டை வைத்ததும் வண்டி அமுங்காது. வால்வ் 'வண்டி காலி' என்று நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்தே விடும். 2 டன் பாரம், காலி வண்டி பிரேக். பட்டை வைத்தே ஆகவேண்டும் என்றால் வால்வையும் கையேட்டுப்படி திருப்பி அமைக்கச் சொல்லுங்கள். அதற்குப் பொறுமை இல்லாத பட்டறையில் பட்டையே வைக்காதீர்கள்.

பாரத்துக்கு ஒரு கணக்கு. நிலையத்துச் சிப்பம் 40 கிலோ. 1.3 டன் வண்டிக்கு 32 மூட்டை, 1.7 டன் வண்டிக்கு 42. 60 மூட்டை அடித்தால் 2.4 டன். பழைய வண்டி அதைத் தாங்கியது என்று பெருமையாகச் சொல்வார்கள். சேஸிஸ் தாங்கியது, பிரேக் தாங்கவில்லை. 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், மேலே போகும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000.

பழைய தகடு கெட்டி, புதுசு தகரம் என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. தகடு கனம் உண்மை. ஆனால் பழைய கேபினுக்கு அடியில் பெயின்ட் என்று பெயருக்குத்தான் இருந்தது. இப்போது கேபினையே பிரைமர் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். வேதாரண்யத்தில் உப்பு அடித்த வண்டிகளைப் பார்த்தால் தெரியும், கனத்த தகடும் உள்ளிருந்தே அரித்துப் போயிருக்கும்.

உங்கள் விஷயத்துக்கு முடிவாக என் யோசனை. இன்றைக்கு இருக்கும் ஓட்டத்துக்கு பிஎஸ்-6 டீசல் பிக்கப் வேண்டாம். வண்டி நல்ல வண்டிதான், உங்கள் 6 கிலோமீட்டர்தான் அதற்கு ஒத்துவராது. வாரத்தில் இரண்டு நாளாவது திருச்சி காந்தி மார்க்கெட்டுக்கோ நாகப்பட்டினத்துக்கோ வாடகை பிடிக்க உங்களால் முடியுமானால் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். அப்போது தயங்காமல் புதுசு எடுங்கள், கடனையும் அது அடைக்கும். முடியாது என்றால், உள்ளூர் ஓட்டத்துக்கென்றே பெட்ரோலில் ஓடும் சின்ன வண்டிகள் இருக்கின்றன. டாடா ஏஸ் பெட்ரோல், மாருதி சூப்பர் கேரி. டிபிஎஃப் தொல்லை இல்லை. நம் ஊர் 'குட்டி யானை', அதாவது அந்த டாடா ஏஸ், 2005-ல் 702 சிசி டீசலோடு வந்தபோது 16 குதிரைசக்திதான், அதைக் கொண்டே எத்தனை பேர் பிழைத்தார்கள்! 2022-ல் அதில் மின்சார வண்டியும் வந்தது. 600 கிலோ ஏற்றும், அதாவது 15 மூட்டை. பிறகு 1 டன் ரகமும் வந்துவிட்டது. கம்பெனிக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 150 கிலோமீட்டர் சுமாருக்கு ஓடும். அதில் பாதி கிடைத்தாலும் உங்களுக்கு ஒரு நாள் நடை தாராளம். வாங்கும் முன் சர்வீஸ் ஆள் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறார் என்று மட்டும் கேளுங்கள். என் நண்பரின் நாலு மணி நேரம் உங்களுக்கும் வரலாம்.

அதுவரை பழைய வண்டியை வைத்திருங்கள். ஆனால் இஞ்சினுக்கென்று ஒதுக்கிய பணத்தை முதலில் இஞ்சினில் போடாதீர்கள். முதலில் சேஸிஸ். பாரம் ஏற்றும் தொட்டியைத் தூக்கிவிட்டு, பின் கமான் பட்டை தொங்கும் கொக்கியைச் சுற்றியும், கேபினுக்குப் பின்னால் சேறு தங்கும் குறுக்குச் சட்டத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. 'டப்' என்று மந்தமாகக் கேட்டாலோ துரு பொரிந்து விழுந்தாலோ அந்த வண்டிக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டாம், விற்றுவிடுங்கள். சேஸிஸ் நன்றாக இருந்தால் அடுத்தது பிரேக். நாலு வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் ஹோஸ் மொத்தமும் புதுசு, லைனிங் மாற்றி டிரம்மை லேத்தில் கடைந்துவிடுங்கள். மிதிக்கும் பாரத்தைக் குறைக்கும் பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் சரியாக வருகிறதா என்று பாருங்கள். பாலத்து இறக்கத்தில் டீசல் மிச்சம் என்று இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விடும் பழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அன்போடு தடுத்துவிடுங்கள். இஞ்சின் நின்றால் வேக்குவம் இல்லை, இரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 2022 ஏப்ரலில் மத்திய அரசு கூட்டியதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இஞ்சின் கடைசியாக. புகை கூடிவிட்டது என்றீர்கள், என்ன நிறம் என்று சொல்லவில்லை. பாரத்தில் கறுப்பாக வந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டர், நாசில், அல்லது யாரோ பம்பைக் கூட்டி வைத்தது. சில ஆயிரத்தில் முடியும், இஞ்சினை இறக்கவே வேண்டாம். நீலமாக வந்து ஆயிலும் குறைந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கும், அதுதான் பெரிய வேலை. காலையில் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றால் கம்ப்ரஷனும் டைமிங்கும் பார்க்கணும். நாளைக் காலை முதல் ஸ்டார்ட்டில் ஒருமுறை, மூட்டை ஏற்றி கரை ஏறும்போது ஒருமுறை, பின்னால் ஒருவரை நிறுத்திப் புகையின் நிறத்தைப் பார்க்கச் சொல்லி எழுதுங்கள். கம்ப்ரஷன் கேஜ் போட்டு நாலு சிலிண்டருக்கும் என்ன வருகிறது என்பதையும் எழுதினால், இஞ்சினை இறக்கணுமா வேண்டாமா என்று அடுத்ததில் சொல்கிறேன்.